ஃபவுஜா சிங்கின் தட்டில் இல்லாதவை

2025 ஜூலை 14 அன்று ஜலந்தருக்கு அருகில், தம் சொந்த ஊரான பியாஸ் பிண்டில் சாலையைக் கடக்கும்போது வாகனம் மோதி ஃபவுஜா சிங் இறந்தார். கடவுச்சீட்டின்படி வயது 114. எண்பத்தொன்பதாவது வயதில் லண்டன் மராத்தானில் ஓடத் தொடங்கியவர்; நூறாவது வயதில், 2011இல், டொரன்டோவில் 42 கிலோமீட்டரையும் எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாக எடுத்துக்கொண்டு ஓடி முடித்தவர். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதால் கின்னஸ் அதைப் பதிவுசெய்யவில்லை. அதனால் அந்த ஓட்டத்தின் பெருமை ஒரு துளியும் குறையாது. என்னை எழுதவைப்பது அவரைச் சாட்சிக்கு இழுத்துச் சொல்லப்படும் ஒரு வாதம். நெய்யும் பாலும் ரொட்டியும் தின்று வளர்ந்த கிழவர் நூறு வயதில் ஓடினார், ஆகவே பஞ்சாபிச் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை என்கிறது அந்த வாதம். வெளிநாட்டுச் சீக்கியர்களின் உடல்நலம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இதைக் கேட்டுவருகிறேன். ஃபவுஜா சிங்கால் அதற்கு இப்போது ஒரு முகமும் கிடைத்துவிட்டது.

அந்தச் சாட்சி உண்மையில் யார் பக்கம் பேசுகிறது? தாம் என்ன சாப்பிடுகிறோம் என்பதை ஃபவுஜா சிங் பேட்டிகளில் விளக்கமாகவே சொல்லியிருக்கிறார். மெல்லிய பூல்கா ரொட்டி, பருப்பு, பச்சைக் காய்கறி, தயிர், பால், அவ்வளவுதான். பராத்தாவைத் தொடமாட்டார். பக்கோடாவோ வேறு பொரித்த பண்டமோ பக்கத்தில் வராது. சோறுகூட வேண்டாம் என்பவர். நிறையத் தண்ணீர், இஞ்சி போட்ட தேநீர், நேரத்தோடு படுக்கை. குடியும் புகையும் அறவே கிடையாது. இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு சவுத்தாலிலோ கனடாவின் சர்ரேயிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவுக்குள் நுழைந்தால், அவர் ஒதுக்கிய பண்டங்கள் தேநீர் மேசையிலேயே தொடங்கிவிடும்.

சீக்கிய வாழ்முறை உடலுக்குச் செய்திருக்கும் நன்மைகளை மறுக்க முடியாது. புகையிலையைப் பெருங்குற்றங்களில் ஒன்றாகவே சீக்கிய ஒழுக்க விதித்தொகுப்பான ரஹித் மரியாதை வைத்திருக்கிறது. பிரிட்டனின் மற்ற சமூகங்களோடு ஒப்பிட்டால் சீக்கியர்களிடம் புகைப்பழக்கம் மிகக் குறைவு. எந்த அரசு விளம்பரத்தாலும் சாதிக்க முடியாத காரியம் இது. உடல் வலிமையை பக்தியிலிருந்து பிரிக்காத மரபு அவர்களுடையது. கதூர் சாகிபில் சீக்கியரின் இரண்டாம் குருவான அங்கத் மல்யுத்தக் களம் அமைத்தார் என்பது அந்த மரபின் நினைவு. குருத்வாராவின் இலவச அடுக்களையான லங்கர் பசித்தவனின் பெயரையும் சாதியையும் கேட்பதில்லை. கொரோனா ஊரடங்கின்போது அந்த அடுக்களைகள் எத்தனை வீடுகளுக்குச் சோறு அனுப்பின என்பதை உலகமே பார்த்தது. இதற்கெல்லாம் தலைவணங்குகிறேன்.

ஆனால் புகைக்காத ஒரு சமூகத்தில் இதய நோய் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. அந்த நோய்க்கு வழிவகுக்கும் நீரிழிவைப் பற்றி மக்கீக், ஷா, மார்மட் மூவரும் 1991இல் லான்செட் இதழில் வெளியிட்ட லண்டன் ஆய்வு இன்றும் படிக்கத் தக்கது. சவுத்தால் வட்டாரத்தில் 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களை அவர்கள் பரிசோதித்தார்கள். ஐரோப்பியர்களில் 4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. தெற்காசியர்களில் 19 சதவீதம். அந்தத் தெற்காசியர்களுள் பெரும் பிரிவினர் பஞ்சாபிச் சீக்கியர்கள். எடை ஏறாமலே வயிறு மட்டும் முன்தள்ளும் உடல்வாகையும் அந்த ஆய்வுதான் துல்லியமாகக் காட்டியது. அதே மனிதர்களைச் சுமார் இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, எண்பது வயதுக்குள் தெற்காசியர்களில் 40 முதல் 50 சதவீதம் பேர் சர்க்கரை நோயாளிகள் ஆகியிருந்தார்கள். இது ஐரோப்பியர்களைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு.

எல்லாம் பரம்பரை, நம் ரத்தமே அப்படி என்று இதற்கு உடனே ஒரு பதில் வரும். அதில் ஒரு பகுதி உண்மைதான். தெற்காசியர்களுக்கு உடல் நிறை குறியீடு 23ஐத் தாண்டினாலே எச்சரிக்கை, 27.5 என்றால் ஆபத்து என்று பிரிட்டிஷ் வழிகாட்டுதல் தனி அளவு வைத்திருப்பது அதனால்தான். ஆனால் பரம்பரையின் பின்னால் முழுவதுமாக ஒளிந்துகொள்ள முடியாதபடி 1995இல் இன்னொரு ஆய்வு வந்தது. மேற்கு லண்டனில் குடியேறிய பஞ்சாபிகளையும், பஞ்சாபிலேயே தங்கிவிட்ட அவர்களுடைய உடன்பிறந்தாரையும் எடுத்து பட்நாகரும் குழுவினரும் ஒப்பிட்டார்கள். ஒரே தாய் தகப்பன், ஒரே ரத்தம். பரம்பரையால் கூடும் ஒரு கொழுப்புப் புரதம் மட்டும் இரு பக்கத்திலும் ஒன்றுபோலவே அதிகமாக இருந்தது. எடை, ரத்தக் கொதிப்பு, கொலஸ்டிரால், ரத்தச் சர்க்கரை எல்லாம் லண்டன்காரர்களுக்கே கூடுதல். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே விழுந்த அந்த வித்தியாசத்தை எந்த மரபணுவாலும் விளக்க முடியாது.

என்ன மாறியது? வேலை மாறியது. ஸ்மெதிக்கின் வார்ப்பாலைகளிலும் சவுத்தாலின் ரப்பர் தொழிற்சாலையிலும் முதல் தலைமுறை உடல் நோக உழைத்தது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் டாக்சியிலும் கனடா, கலிபோர்னியா நெடுஞ்சாலைகளில் லாரியிலும் பத்து மணி நேரம் உட்கார்ந்தபடி சம்பாதிக்கிறார்கள். இரவு வேலை, குளிர், வெளியே நடமாட முடியாத மாதங்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன. இவற்றில் பலவற்றைத் தனிமனிதரால் மாற்ற முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாற்ற முடிந்த ஒன்று இருக்கிறது. அது வாரந்தோறும் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் லங்கர். அதை மாற்றுவதற்குத்தான் எதிர்ப்பு அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை லங்கர் என்றால் நுழைந்ததும் பெரிய கொதிகலனில் சர்க்கரை கலந்தே வைக்கப்பட்ட பால் தேநீர், பக்கத்தில் பக்கோடா, ஜிலேபி, மட்டி, பேசன் பர்ஃபி. பந்தியில் வெண்ணெய் மிதக்கும் கறுப்பு உளுந்துப் பருப்பு, பட்டாணி பன்னீர், எண்ணெயில் சுருண்ட உருளைக்கிழங்கு காலிஃபிளவர், நெய் தடவிய ரொட்டி, கீர். பரிமாறும் தொண்டரான சேவாதார் கூடையோடு திரும்பத் திரும்ப வருவார். வேண்டாம் என்று கைகாட்டுவது பலருக்கு மரியாதைக் குறைவாகப் படும். சைவம் என்பதாலேயே இது நல்ல உணவு என்று சொல்லிக்கொள்கிறார்கள். இறைச்சி இல்லாத தட்டிலும் நெய்யும் சர்க்கரையும் மாவும் அளவு மீறினால் கணையம் கணக்கு வைத்துக்கொள்ளத்தான் செய்யும்.

வாரத்தில் ஒரு வேளைதானே என்பார்கள். வேலைக்குப் போகும் இளைஞனுக்கு அப்படி இருக்கலாம். ஓய்வுபெற்ற முதியவர்களுக்கு அப்படி இல்லை. பிள்ளைகள் வேலைக்குப் போனபின் வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்குப் பேச்சுத்துணை, தாய்மொழி, செய்தித்தாள், வெதுவெதுப்பான கூடம் எல்லாம் குருத்வாராதான். அவர்களில் பலருக்கு மதியச் சாப்பாடு தினமும் அங்கேதான். சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் மிகுந்திருப்பதும் அந்த வயதினரிடம்தான். காலையில் மாத்திரை விழுங்கிவிட்டு மதியம் அதே பந்தியில் உட்காருகிறார்கள். தவிரவும் குருத்வாராவில் கிடைப்பதுதான் 'நல்ல சாப்பாடு' என்ற அளவுகோல் வீட்டு அடுக்களைக்கும் விருந்துக்கும் பரவுகிறது. ஒரு கல்யாண நாளை எடுத்துக்கொள்ளுங்கள்: காலையில் குருத்வாராவில் தேநீரும் பொரித்த பண்டங்களும், ஆனந்த் காரஜ் என்ற திருமணச் சடங்கு முடிந்ததும் லங்கர், மாலையில் விருந்து மண்டபத்தில் இறைச்சியும் விஸ்கியும்.

குடியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. மதுவும் விலக்கப்பட்டதுதான். ஆனாலும் 2018இல் பிபிசி எடுத்த கணிப்பில் பிரிட்டிஷ் சீக்கியர்களில் 27 சதவீதம் பேர் தங்கள் குடும்பத்தில் குடிப் பிரச்சினை உள்ள ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். புகையிலை விதியைச் சமூகம் காவல் காக்கிறது, அது பலிக்கிறது. மது விதியை யாரும் காவல் காப்பதில்லை. சாப்பாட்டின் அளவுக்கு விதியே கிடையாது.

லங்கரைத் தொடாதே, அது புனிதம் என்கிறார்கள். எது புனிதம்? சாதியும் செல்வமும் பாராமல் ஒரே தரையில், ஒரே வரிசையில் உட்கார்வது புனிதம். யார் வந்தாலும் காசு வாங்காமல் பரிமாறுவது புனிதம். மாவும் நெய்யும் சர்க்கரையும் சம அளவில் கிண்டும் கடா பிரசாதமும் புனிதம்தான். கையில் ஏந்தும் அந்த ஒரு பிடியை எதிர்த்து ஒருபோதும் பேசமாட்டேன். ஆனால் பருப்பில் எத்தனை கிலோ வெண்ணெய், தேநீரில் எத்தனை கிலோ சர்க்கரை என்பதை எந்தக் குருவும் வகுக்கவில்லை. அதை வகுப்பவர்கள் நிர்வாகக் குழுவும், அன்றைய லங்கருக்குப் பணம் தரும் குடும்பமும்தான். பேரன் பிறந்ததற்கும் வீடு வாங்கியதற்கும் லங்கர் வைக்கும் குடும்பம் தன் கௌரவத்தைப் பண்டங்களின் எண்ணிக்கையில் காட்ட விரும்புகிறது. குருத்வாராத் தேர்தலில் ஜெயித்து வரும் குழுவுக்கு அவர்களைப் பகைத்துக்கொள்ள மனமில்லை. பக்தியின் பெயரில் நடப்பது பெரும்பகுதி இந்தக் கௌரவப் போட்டி. இதைக் காப்பாற்றத்தான் ஃபவுஜா சிங்கின் பெயர் இழுக்கப்படுகிறது.

மாதா கீவியின் பெயரும் வரும். குரு அங்கதின் துணைவியார் நெய்யூற்றிய கீர் பரிமாறியதைச் சீக்கியத் திருநூலான குரு கிரந்த சாகிப்பே போற்றுகிறதே என்பார்கள். போற்றுகிறது. அதைச் சாப்பிட்டவர்கள் பதினாறாம் நூற்றாண்டின் உழவர்கள். பஞ்சமும் படையெடுப்பும் கண்டவர்கள். நடந்தே வந்து நடந்தே திரும்பியவர்கள். அவர்களுக்குக் கொழுப்பும் இனிப்பும் அரிய பொருள். அரியதை எளியவனுக்கு அள்ளிக் கொடுத்ததுதான் மாதா கீவியின் பெருமை. பிரிட்டனிலும் கனடாவிலும் இன்று நெய்யும் சர்க்கரையும் எந்த ஏழை வீட்டிலும் அரிதல்ல. அங்கே அரியது, கொழுப்பு குறைந்த, நார்ச்சத்து மிகுந்த, சுடச்சுடச் சமைத்த நல்ல சாப்பாடு. மாதா கீவியின் வழியில் நடக்க விரும்புகிறவர்கள் அதைத்தான் பரிமாற வேண்டும்.

இந்தச் சமூகத்தால் மாற முடியாது என்றும் நான் நம்பவில்லை. முக்கியம் என்று கருதியதற்காக எவ்வளவு தூரமும் போகும் சமூகம் இது. லங்கரில் தரையில் உட்கார்வதா, மேசை நாற்காலியா என்ற சண்டையில் 1997இல் சர்ரே குருத்வாராவில் கைகலப்பு மூண்டு காவல்துறை நுழைய வேண்டிவந்தது. 1998இல் சீக்கியர்களின் உயர்பீடமான அமிர்தசரஸின் அகால் தக்த் தரையில்தான் உட்கார வேண்டும் என்று ஆணையே பிறப்பித்தது. எப்படி உட்காருவது என்பதற்கு அத்தனை ஆவேசம். உட்கார்ந்தவரின் தட்டில் விழுவது அவரைக் கொல்கிறதா என்ற கேள்வி அந்தப் பீடத்திலிருந்து அதே வேகத்தோடு வரவில்லை. அக்கறைகளின் வரிசையே தவறு; இதைத்தான் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன்.

சில இடங்களில் முயற்சிகள் நடக்கின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபிரேசர் ஹெல்த் அமைப்பின் 'செஹத்' திட்டம் தெற்காசியர்களின் வழிபாட்டுத் தலங்களுக்கே போய் ரத்த அழுத்தம் பார்க்கிறது, உணவு பற்றிப் பேசுகிறது. நல்ல காரியம். ஆனால் இப்படிப்பட்ட ஆலோசனைகள் பெரும்பாலும் போய்ச்சேர்வது பெண்களிடம்: மருமகளே, எண்ணெயைக் குறை, அம்மா, பராத்தாவை நிறுத்துங்கள். மாவு பிசைவதும் ரொட்டி தேய்ப்பதும் பெண்கள். என்ன சமைப்பது, யாரிடம் பணம் வாங்குவது என்று முடிவெடுக்கும் குழுவில் பெரும்பாலும் ஆண்கள். அறிவுரை தவறான வாசலில் நிற்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் நிர்வாகக் குழுக்களுக்கே. தேநீரில் சர்க்கரை கலக்காமல் தனியே வையுங்கள். ரொட்டியில் நெய் தடவுவதை நிறுத்துங்கள். வேண்டியவர் கேட்டு வாங்கட்டும். பருப்புக்கும் காய்க்கும் எண்ணெய், வெண்ணெய், உப்பு இவ்வளவுதான் என்று அடுக்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். பொரித்த பண்டங்களும் இனிப்பும் குருக்களின் திருநாளான குர்புரப் நாள்களோடு நிற்கட்டும். மற்ற நாள்களில் பழம் கொடுங்கள். பணம் தரும் குடும்பத்திடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதற்கு அகால் தக்தின் ஆணை தேவையில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.