கையெழுத்துப்படியோடு சென்ற கடிதங்கள்

ஒரு நூலைப் படிப்போர் பலர். அது அச்சேறுவதற்காக ஆசிரியர் எழுதிய கடிதங்களைப் படிப்போர் மிகச் சிலர். அமெரிக்கக் கத்தோலிக்க எழுத்தாளர் ஃபிளானரி ஓ'கானரின் (1925–1964) கடிதங்களை அவருடைய தோழி சாலி ஃபிட்ஸ்ஜெரால்ட் தொகுத்து, 'தி ஹேபிட் ஆஃப் பீயிங்' என்ற பெயரில் 1979-இல் வெளியிட்டார். நம்பிக்கை, நோய், மயில் வளர்ப்பு ஆகியவை பற்றிப் பேசும் பிற்பகுதியையே பலரும் போற்றுவர். நம்மை ஈர்த்தவை அதன் தொடக்கப் பக்கங்கள். 'வைஸ் பிளட்' என்னும் தம் முதல் நாவலை, அது முற்றுப்பெறும் முன்னரே, அறிமுகமற்ற இலக்கிய முகவருக்கும் பின்னர் பதிப்பாசிரியருக்கும் அவர் எடுத்துரைத்த கடிதங்கள் அங்கே உள்ளன.

நம் எழுத்தாளர்கள் பெரும்பாலும் பதிப்பகத்தாரை நேரில் கண்டு பேசுகிறவர்கள். முகவர் என்றால் யார் என்று வாசகர் கேட்கக்கூடும். அமெரிக்காவில் எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் இடையே நின்று, கையெழுத்துப்படியைத் தக்க இடத்தில் சேர்த்து, ஒப்பந்தம் பேசி, வருவாயில் ஒரு பங்கைப் பெறுபவரே முகவர். அவருக்கு எழுதும் முதல் கடிதத்தில் தம் சரக்கின் மேன்மையை எடுத்துக்கூறுவதே எவரும் செய்யக்கூடியது.

1948 ஜூனில் எலிசபெத் மக்கீ என்ற முகவருக்கு எழுதியபோது ஓ'கானருக்கு வயது 23. ஓராண்டுக்கு முன்னர் அந்நாவலின் ஒரு பகுதிக்கு ரைன்ஹார்ட் பதிப்பகத்தின் 750 டாலர் பரிசு கிடைத்திருந்தது. நாவலை முதலில் பார்க்கும் உரிமை அப்பதிப்பகத்துக்கு இருந்தது. இதைக்கொண்டே தம்மை உயர்த்திப் பேசியிருக்கலாம். அவரோ தாம் மெதுவாக எழுதுபவர் என்கிறார். அடுத்த மாதக் கடிதத்தில், நாவலுக்கு முன்வரைவு ஏதும் தம்மிடம் இல்லை என்றும், எழுதி எழுதியே தாம் செய்வது இன்னதென்று கண்டறிவதாகவும் தெரிவிக்கிறார். விற்பவர் தம் பொருளைப் பற்றி மறைக்க விரும்பும் செய்திகள் இவை. இதைத் தன்னடக்கம் என்று பாராட்டுவது எளிது. நாம் அப்படிக் கருதவில்லை. தம்மோடு பணியாற்றப்போகிறவர் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக்கூடாது என்பதை முதலிலேயே வரையறுக்கும் தெளிவே அங்கு காணப்படுகிறது.

அந்தத் தெளிவுக்குச் சோதனை 1949 பெப்ருவரியில் வந்தது. ரைன்ஹார்ட்டின் பதிப்பாசிரியர் ஜான் செல்பி, நாவலின் முதல் அத்தியாயங்களைப் படித்துவிட்டு, அதன் விசித்திரப் போக்கைக் குறிப்பிட்டு, மாற்ற வேண்டும் என எழுதினார். செல்பியை எளிதில் பழிக்க நமக்கு மனமில்லை. முன்வரைவு இல்லாமல் எழுதப்பட்ட, முடிவு தெரியாத சில அத்தியாயங்களே அவர் கைக்கு வந்தவை. கிறிஸ்து இல்லாத திருச்சபை ஒன்றை நிறுவப் புறப்படும் நாயகனை முதன்முதலில் சந்திப்பவர் திகைப்பதில் வியப்பில்லை.

ஓ'கானரின் மறுமொழி இத்தொகுப்பின் சிறந்த கடிதங்களுள் ஒன்று. நாவலுக்கு ஏதேனும் சிறப்பு உண்டெனில், அது செல்பி குறைகளாகச் சுட்டியவற்றோடு பிணைந்ததே என்கிறார். தாம் எழுதுவது வழக்கமான நாவல் அன்று. தாம் செய்ய முயல்வது எதுவோ அதன் எல்லைக்குள் நின்று கூறப்படும் திறனாய்வை ஏற்பதாகவும், வேறொன்றைச் செய்யும்படி தம்மை இணங்கவைக்க இயலாது என்றும் தெரிவிக்கிறார். அதே காலத்தில் முகவருக்கு எழுதிய கடிதமோ வேறு தொனியில் உள்ளது. செல்பி தம்மை விவரமறியாச் சிறுபெண்ணாக எண்ணி எழுதியதாக அதில் கேலியோடு குமுறுகிறார். சினம் முகவரிடமும், கொள்கை பதிப்பாசிரியரிடமும் சென்றன. இரண்டும் ஒரே உறையில் போயிருந்தால் கொள்கையும் கோபமாகவே படிக்கப்பட்டிருக்கும்! முகவரின் பயன்களுள் இதுவும் ஒன்று போலும்.

இத்தகைய மறுமொழியைத் திறமையற்ற எவரும் கேடயமாகப் பிடித்துக்கொள்ளலாமே என்ற ஐயம் எழுவது இயல்பு. தற்பெருமைக்கும் கலைஞரின் உறுதிக்கும் வேறுபாடு எங்கே? கலை என்பது செய்யப்படும் பொருளின் நலனை நாடுவது என்னும் புனித தோமா அக்குவினாரின் கருத்தை ஓ'கானர் பின்னாளில் தம் உரைகளில் எடுத்தாண்டார். செல்பிக்கு எழுதிய கடிதத்தை அந்த ஒளியில் படித்தால், அவர் காத்து நின்றது தம் பெயரை அன்று, நாவலின் நலனை என்பது புலனாகும்.

இதற்கு அடுத்து நடந்தவையே சான்று. ரைன்ஹார்ட்டுடன் உறவு முறிந்தது. ஹார்கோர்ட் பிரேஸ் நிறுவனத்தின் ராபர்ட் ஜிரூ நாவலை ஏற்றார். தாமஸ் மெர்ட்டனின் தன்வரலாற்றை 1948-இல் வெளிக்கொணர்ந்த பதிப்பாசிரியர் அவர். இதற்கிடையில் லூப்பஸ் நோய் ஓ'கானரைத் தாக்கியது. தந்தையின் உயிரைப் பறித்ததும் அதே நோய்தான். நோயிடையே முடித்த கையெழுத்துப்படி 1951-இல் ஃபிட்ஸ்ஜெரால்ட் தம்பதியர் வழியாக நாவலாசிரியை கரோலின் கார்டனிடம் சென்றது. கார்டன் நீண்ட திருத்தக் குறிப்புகளை அனுப்பினார். செல்பிக்கு இணங்காத அதே பெண், நன்றியோடு அவற்றை ஏற்றுப் பல இடங்களைத் திருத்தி எழுதினார். கார்டனின் குறிப்புகள் அந்த நாவலை மேலும் அந்த நாவலாகவே ஆக்க முயன்றவை. செல்பி கேட்டது மற்றொரு நாவல்.

'வைஸ் பிளட்' 1952 மே மாதத்தில் வெளிவந்தது. திறனாய்வாளர் பலர் அதைப் புரிந்துகொள்ளவில்லை. பத்தாண்டுக்குப் பின், 1962-இல் மறுபதிப்பு வந்தபோதுதான் ஓ'கானர் அதற்கு ஒரு முன்குறிப்பு எழுதிச் சேர்த்தார். அது மிகச் சிறியது. அதைவிடச் செல்பிக்கு எழுதிய கடிதமே அந்நாவலுக்குப் பொருத்தமான முன்னுரை என்பது நம் கருத்து.