பராமரிப்பும் சட்டமறுப்பும்: 'கிரிப் கேம்ப்' ஆவணப்படம் – ஒரு திறனாய்வு

திறவுச்சொற்கள்: மாற்றுத்திறனாளர் உரிமை, சட்டமறுப்பு, உள்ளிருப்புப் போராட்டம், பராமரிப்பு, ஆவணப்படம்

முன்னுரை

நிக்கோல் நியூன்ஹாம், ஜேம்ஸ் லெப்ரெக்ட் ஆகிய இருவரும் இயக்கிய 'கிரிப் கேம்ப்' (2020) என்னும் ஆவணப்படம் அமெரிக்க மாற்றுத்திறனாளர் உரிமைப் போராட்டத்தின் வரலாற்றைக் கூறுகிறது. தலைப்பின் முதற்சொல் உடற்குறையுடையோரை இழித்துரைக்க வழங்கியது. போராடியோர் அதனைத் தம் பெயராகவே ஏற்றுக்கொண்டனர். 'மாற்றுத்திறனாளி' என்னும் மதிப்புச்சொல்லில் அந்தச் சீற்றம் இல்லை என்பதால் தலைப்பு இங்கு ஒலிபெயர்ப்பாகவே ஆளப்படுகிறது. நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் இயங்கிய ஜெனெட் கோடைமுகாமில் தொடங்கும் படம், 1977ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ உள்ளிருப்புப் போராட்டத்தில் உச்சம் பெறுகிறது. முகாமே போராட்டத்தை ஈன்றது என்பது படத்தின் அடிப்படை வாதம். அவ்வாதம் எதனை விளக்குகிறது, எதனை விளக்காமல் விடுகிறது என்பது ஆராயத்தக்கது.

போராட்டப் பின்னணி

1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, நடுவண் அரசின் நிதியுதவி பெறும் எத்திட்டமும் உடற்குறையைக் காரணம் காட்டி எவரையும் விலக்கலாகாது என்றது. ஆயினும் அதனைச் செயற்படுத்தும் விதிகள் 1977 வரை கையெழுத்திடப்படவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 5 அன்று உடல்நலம், கல்வி, நல்வாழ்வுத் துறையின் அலுவலகங்களில் பல நகரங்களில் போராட்டம் தொடங்கியது. வாஷிங்டனில் உணவு மறுக்கப்பட்டது. தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு நாளில் போராட்டம் முடிவுற்றது. சான் பிரான்சிஸ்கோவிலோ நூற்றுக்கு மேற்பட்டோர் மூன்று வாரங்களுக்கும் மேலாக நான்காம் தளத்தை விட்டு அகலவில்லை. ஏப்ரல் 28 அன்று துறைச் செயலர் ஜோசப் கலிஃபானோ விதிகளில் கையெழுத்திட்டார். 30ஆம் நாள் போராட்டக்காரர்கள் வெற்றியுடன் வெளியேறினர்.

பராமரிப்பே போராட்டமாதல்

சட்டமறுப்பைப் பற்றிய சிந்தனை, தோரோ முதலாகத் தன் மனச்சான்றை மட்டும் துணைக்கொண்டு தண்டனையை ஏற்கும் தனிமனிதரையே பெரிதும் முன்னிறுத்துகிறது. அம்மனிதர் பிறர் துணையின்றி உண்ணவும் உறங்கவும் வல்லவர் என்பது சொல்லாமலே கொள்ளப்படுகிறது. சான் பிரான்சிஸ்கோவில் அமர்ந்தோரில் பலருக்கு அவ்வாறு இயலாது. சிலர் தம் உதவியாளர் இன்றியே உள்ளே தங்கினர். படுக்கைப்புண் வாராதிருக்க இரவில் ஒருவரை மற்றவர் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சிறுநீர்க் குழாயை மாற்ற வேண்டும். பராமரிப்பு இல்லையேல் இவர்கள் தாமே கலைந்துவிடுவர் என்னும் கணக்கு இங்கே பொய்த்தது. தொலைபேசி துண்டிக்கப்பட்டபோது, காதுகேளாதோர் சாளரங்களில் நின்று சைகைமொழியால் வெளியே செய்தி அனுப்பினர். குறையெனக் கருதப்பட்டதே அங்குத் தொடர்புக் கருவியாயிற்று.

இதனை உணர்த்துவதில் படம் வெற்றி பெறுகிறது. 1971இல் பதிவுசெய்யப்பட்ட முகாம் காட்சிகளுள் ஒன்றில், பேச்சுத் தெளிவற்ற ஒருவர் தம் கருத்தைச் சொல்லி முடிக்கும்வரை ஏனையோர் பொறுமையுடன் காத்திருக்கின்றனர். ஆறாண்டுகளுக்குப் பின் போராட்டத்தைத் தாங்கி நின்ற ஒழுங்கு அக்காட்சியிலேயே தெரிகிறது. இயக்குநர்களுள் ஒருவரான லெப்ரெக்ட் அம்முகாமில் இருந்தவர். ஆதலால் படத்தின் பார்வையில் இரக்கத்திற்கு இடமில்லை.

வாதத்தின் எல்லை

எனினும், முகாமிலிருந்து சட்டத்திற்கு இழுக்கப்படும் நேர்கோடு, சான் பிரான்சிஸ்கோ நிலைத்ததற்கும் வாஷிங்டன் கலைந்ததற்கும் உரிய வேறுபாட்டை விளக்கப் போதாது. வாஷிங்டனில் இருந்தோர் உறுதியில் குறைந்தவர் அல்லர். அவர்களுக்கு வாய்க்காதது, வெளியிலிருந்து உள்ளே சென்றுகொண்டிருந்த வழங்கல். சான் பிரான்சிஸ்கோ போராட்டத்தை ஒழுங்கமைத்தவர்களுள் முதன்மையானவரான கிட்டி கோன் ஜெனெட் முகாமில் வளர்ந்தவர் அல்லர். குடியுரிமை இயக்கத்திலும் இடதுசாரி இயக்கத்திலும் பயின்றவர். கருஞ்சிறுத்தைகள் கட்சியைச் சேர்ந்த பிராட் லோமாக்ஸ் உள்ளிருந்து போராட, அவர்தம் கட்சி உணவு கொண்டுவந்தது. அவ்வுணவைப் படம் நேர்மையுடன் பதிவுசெய்கிறது. ஆனால் முகாம் நண்பர்களை மையமாகக் கொண்ட கதையமைப்பில் அது உற்ற நேரத்தில் வந்த உதவியாகவே நின்றுவிடுகிறது. லோமாக்ஸ் உள்ளேயும் கட்சி வெளியேயும் நின்றதை எண்ணினால், அதனை உதவி என்பதைவிட ஒரே போராட்டத்தின் இரு முனைகள் என்பதே பொருந்தும்.

முடிவுரை

நட்பு போராட்டத்திற்கு மனிதரைத் தந்தது; அவர்களை அங்கே நிலைக்கச் செய்தது முன்னேற்பாடும் கூட்டணியும் ஆகும். முதலாவதைப் படம் அழகுற நிறுவுகிறது. இரண்டாவதற்குரிய சான்றுகளைக் காட்டியும் அவற்றைத் தன் வாதத்தில் சேர்க்கவில்லை. இவ்வேறுபாடு வரலாற்று நுட்பம் மட்டுமன்று. பராமரிப்பை நாடும் உடல்கள் சட்டத்தை மறுத்து அமரும் இடத்திலெல்லாம், உணவும் மருந்தும் உதவியாளரும் எங்கிருந்து வருவர் என்பதே முதல் வினா. ஜெனெட் முகாமை மீண்டும் உருவாக்க இயலாது. ஆனால் அவ்வினாவிற்கு விடை தரும் குழுக்களை எவ்விடத்தும் உருவாக்க இயலும்.