கைம்மாறு கேட்ட தாய்

சொற்பச் செலவில், ஒரே அச்சில் வார்த்தாற்போல் எடுக்கப்பட்ட தாய்ப்பாசப் படங்களில் நடித்துப் பெயர் பெற்றவர்களுக்கு உயர்ந்த நடிப்புக் கலையில் ஸ்தானம் இல்லை என்று கருதுகிறவர்கள், 1956-ல் மிஸோகுச்சி கெஞ்சி இயக்கிய 'அகாசென் சித்தாய்' என்னும் ஜப்பானியப் படத்தில் நடிகை மிமாசு ஐகோ ஏற்ற யுமெகோ பாத்திரத்தை ஒருமுறை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

யுத்தத்தில் தோற்று நாடு வறுமையில் உழன்ற 1948 முதல் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள், டாயெய் என்ற திரைப்பட நிறுவனத்தார் எடுத்த சுமார் 30 தாய்க் கதைகளில் தாய் வேஷம் மிமாசுவுக்கே உரியதாக இருந்தது. பெற்ற குழந்தையின் க்ஷேமத்துக்காகத் தன்னை மறைத்துக்கொண்டு, அவமானத்தை வாய் திறவாமல் சகித்து, கடைசிக் கட்டத்தில் பிள்ளையின் கண்ணீரால் அபிஷேகம் பெறும் அந்தத் தாய், எதையும் கேட்பதில்லை. ரசிகர்கள் அந்த முகத்தைத் தங்கள் வீட்டு முகமாகவே பாவித்தார்கள்.

அதே நிறுவனத்துக்காக அதே முகத்தை மிஸோகுச்சி டோக்கியோவின் யோஷிவாராப் பகுதியிலுள்ள விபசார விடுதிக்குக் கொண்டுபோனார். யுமெகோ விதவை; மகனை வளர்க்கவே அந்தத் தொழிலுக்கு வந்தவள். டோக்கியோவுக்கு வேலைக்கு வந்துவிட்ட அவனைத் தொழிற்சாலை அருகே சந்திக்கிறாளே, அந்தக் காட்சியில்தான் மிமாசுவின் மேதைமை தெரிகிறது. குரலில் முதலில் சோகமே இல்லை. மகனைக் கண்ட உத்ஸாகமும், இனி இருவரும் சேர்ந்து குடித்தனம் நடத்தலாம் என்ற ஆசையுமே பொங்குகின்றன. இத்தனை நாள் பட்டதெல்லாம் உனக்காகத்தானே, இனி நீதான் என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று அவள் கேட்டேவிடுகிறாள். அவனோ அவளுடைய பிழைப்பை எண்ணிக் கூசி உதறிவிட்டு ஓடுகிறான். பழைய படங்களில் தப்பாமல் வந்த அந்த அரவணைப்பு இங்கே வராததால், பார்ப்பவர் நெஞ்சு அடைத்துப்போகிறது. பின்னர் அவள் சித்தம் கலங்கிப் பாடத் தொடங்குகையில், மிமாசு அழுகையை நாடவில்லை; பாட்டில் ஓர் உல்லாசமே இருக்கிறது.

அப்படத்தில் உடன் நடித்த கியோ மச்சிகோவின் துடுக்கையும் வகாவோ அயாகோவின் கணக்குப் பார்க்கும் சாமர்த்தியத்தையும் விமரிசகர்கள் புகழ்வது நியாயமே. எனினும் முதல் ஸ்தானத்தை நான் மிமாசுவுக்கே தருவேன். கேளாமல் கொடுத்த அத்தனை தாய்மார்களாகவும் பல்லாண்டு வாழ்ந்து பழகிய ஒருத்தி வாய்விட்டுக் கேட்டதனாலேயே அந்த மறுப்பு அவ்வளவு கொடூரமாகப் படுகிறது. அந்தப் பலத்தை அவருக்குச் சேகரித்துக் கொடுத்தவை, பண்டிதர்கள் அலட்சியம் செய்த அந்தச் சின்னப் படங்களே.