பபூனுக்கு வயசு என்ன?

பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயில் திருவிழா வந்துவிட்டால், புதுக்கோட்டைச் சீமையில் நாடகத்துக்கும் காலம் பிறந்துவிடும். பெரும்பாலும் 'வள்ளி திருமணம்'தான். நோட்டீஸில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் பெயர்களைத் தேடுகிறவர்களே அதிகம். நான் பபூன் யார் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களைப் பார்ப்பேன்.

'ஸ்பெஷல் நாடகம்' எனப்படும் இதற்கு ஒத்திகை கிடையாது. நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அமர்த்துவார்கள். ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து இறங்குவார்கள். அரிதாரம் பூசும்போதுதான் அன்றைய ஜோடி யாரென்றே தெரியும். ராஜபார்ட்டுக்குக் கவலையில்லை, நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) பாட்டும் தர்க்கமும் கைகொடுக்கும். பபூனுக்கு அந்த ஊன்றுகோல் இல்லை. அவன் பேசுவதெல்லாம் சொந்தச் சரக்கு.

ராத்திரி பத்து மணி வாக்கில் பாடிக்கொண்டே வருகிறான். வேஷம் இளந்தாரி, ஆடுகிறவருக்கு ஐம்பது வயதுகூட இருக்கும். தன்னைக் கட்டிக்கொள்ளப் பெண்கள் வரிசையில் நிற்பதாக அளக்கிறான். ஆர்மோனியக்காரர் நிமிராமலே கேட்கிறார்: "பொண்ணு பாக்கப் போனியே, என்னப்பா பேசுன?"

"நான் எங்கண்ணே பேசுனேன்? எங்க அம்மால்ல பேசுச்சு!"

மந்தை குலுங்குகிறது. அத்தனை சவடாலும் அந்த ஒரு வரியில் உதிர்ந்துபோகிறது. ஆனால் அவனுக்கு மட்டும் உதிர்ந்தது தெரியக்கூடாது. தெரிந்த மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டால் காரியம் கெட்டது. மட்டமான பபூன் மழலை பேசுவான், விரல் சூப்புவான். கைதேர்ந்தவர் முகத்தைச் சும்மா விட்டுவிடுவார். டான்ஸ் வேஷக்காரி வந்து எதிரே நின்றதும், அவர் பார்வை முதலில் ஓடுவது அவளிடம் அல்ல, ஆர்மோனியக்காரரிடம். மடித்துவிட்ட சட்டைக்கையை மெல்ல இறக்கிவிட்டுக்கொள்வார். ஆர்மோனியமும் ஒரு கணம் வாயை மூடிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து நிற்கிற பையன் அங்கே நிற்கிறான். இதற்கு வசனமே கிடையாது.

இப்போது இரட்டை அர்த்தப் பேச்சு மிஞ்சிவிட்டது. எனக்கு ஆபாசத்தைவிட அதில் வேறொரு குறை படுகிறது. எல்லாம் தெரிந்தவனாகப் பேசிவிட்டால் அப்புறம் அவன் பையனாக எப்படி நிற்பான்?

பபூனை நேரம் போக்க வந்தவன் என்று நினைப்பவர்கள் நடுச்சாமத்துக்கு மேல் வருகிற வேலனைக் கவனிக்க வேண்டும். வேடனாக வந்து வாயடிக்கிறார், வள்ளி மசியவில்லை. கிழவனாக வந்து பார்க்கிறார், அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் யானையாக வரச்சொல்லி அண்ணன் பிள்ளையாரைக் கூப்பிடுகிறார். பத்து மணிக்காரன் அம்மாவை நம்பினான், இவர் அண்ணனை நம்புகிறார். சாமியின் இந்தப் பிள்ளைத்தனத்தை விடியவிடிய உட்கார்ந்து ரசிக்கிற பக்குவத்தைச் சனத்துக்கு முன்கூட்டியே ஏற்றி வைத்துவிட்டுப் போனவன் பபூன்தான்.

ஆகவே, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சாவகாசமாகப் பன்னிரண்டு மணிக்கு வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பத்து மணிக்கே பாயைப் போடுங்கள், ஆர்மோனியம் இருக்கிற பக்கமாக.