வால்வும் பொருத்தமும்

வால்வு ரேடியோ வீட்டை விட்டுப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. வால்வின் மேல் உள்ள பக்தி மட்டும் போகவில்லை. சேலம், நாமக்கல் பக்கத்தில் பழைய இசைத்தட்டுச் சேர்க்கும் அன்பர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எந்த பிரீ-ஆம்ப்ளிபயர் உசத்தி என்ற வழக்கில்தான் அது வந்து நிற்கும். மராண்ட்ஸ் 7 ஒரு கட்சி. க்வாட் 22 இன்னொரு கட்சி.

நான் கதை எழுதுகிறவன். ஒரு பாத்திரத்தைக் கதையிலிருந்து பிடுங்கித் தனியே நிறுத்தி, 'நல்லவனா, கெட்டவனா?' என்று கேட்டால் பதில் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். இந்தப் பெட்டிகளும் அப்படித்தான்.

இசைத்தட்டு முள்ளிலிருந்து புறப்படுவது ஒரு வோல்ட்டில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு. அதைச் சுமார் நூறு மடங்கு பெருக்கி, தட்டில் வேண்டுமென்றே குறைத்துப் பதித்த அடி ஓசையை நிமிர்த்தி, கூட்டிப் பதித்த மேல் ஓசையை அடக்கி, பெரிய ஆம்ப்ளிபயரிடம் ஒப்படைப்பது இந்தப் பெட்டியின் வேலை.

1959-ல் வந்த க்வாட் 22-க்குச் சொந்த மின்சாரம் கிடையாது. அது க்வாட் 2 ஆம்ப்ளிபயரிடமிருந்தே வரவேண்டும். ஜோடி மாறினால் நுகத்துக்குக் கழுத்துக் கொடுக்காத மாடு அது. ஆறு 12ஏஎக்ஸ்7 வால்வுகள் கொண்ட மராண்ட்ஸ் 7 தன் மின்சாரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். பழைய 78 தட்டுகளுக்கென்று அதில் ஒரு விசையும் உண்டு.

அந்த விசை அலங்காரமல்ல. 1954-ல் ஆர்.ஐ.ஏ.ஏ. நியதி வருமுன் கம்பெனிக்கு ஒரு கணக்கில் தட்டுப் பதித்தார்கள். டி. ஆர். சுந்தரம் 1935-ல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 'மந்திரி குமாரி'யை வெளியிட்டது 1950-ல். ஜி. ராமநாதன் இசையில் திருச்சி லோகநாதன் பாடிய அந்தக் காலத்துத் தட்டை, ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்கு மட்டுமே அறிந்த பெட்டியில் போட்டால், மனிதர் கம்பளி போர்த்திக்கொண்டு பாடுவதுபோல் இருக்கும். அந்த மந்தத்தைத்தான் நம்மவர்கள் பலர் 'வால்வின் இனிமை' என்று கொண்டாடுகிறார்கள்! 78-க்கு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு பருமனான முள் வேண்டும். எல்.பி. முள்ளோ பள்ளத்தின் அடியில் போய்ப் புழுதி கிளப்பும்.

அடுத்தது பெரிய ஆம்ப்ளிபயரின் பொருத்தம். வால்வுப் பெட்டியின் வாசலில் 0.22 மைக்ரோபாரட் கண்டென்சர் இருந்து, எதிரே நிற்கும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரின் உள்தடை 10,000 ஓம் மட்டும் என்றால், ஏறக்குறைய 70 சைக்கிளுக்குக் கீழே ஓசை தேயத் தொடங்கிவிடும். மிருதங்கத்தின் தொப்பி மெலியும். தடை ஒரு லட்சம் ஓம் என்றால் அந்த எல்லை 7 சைக்கிளுக்கு இறங்கிவிடும். கவலை இறைத்த நம் குடியானவர்களுக்கு இது புதிதல்ல. கிணறு, வாய்க்கால், வயல் மூன்றையும் பார்க்காமல் தண்ணீரைக் குறை சொல்லமாட்டார்கள்.

சி.டி. மட்டும் கேட்பவருக்கு வேறு சங்கதி. அந்தக் கருவியே 2 வோல்ட் தருகிறது. பல ஆம்ப்ளிபயர்களுக்கு அது போதுமானதற்கும் மேல். அதையும் பத்து மடங்கு பெருக்கினால், வால்யூம் திருகைத் தொட்டதுமே வீடு அதிரும்.

ஆகவே பணத்தை எண்ணுமுன் உங்கள் தட்டுகளின் வயதையும், முள்ளின் பருமனையும், ஆம்ப்ளிபயரின் உள்தடையையும், அது கேட்கும் வோல்ட்டையும் விசாரியுங்கள். இவை பொருந்தியபின், நன்றாகப் பழகிய ஒரு குரலை உங்கள் வீட்டுக் கூடத்திலேயே கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். லோகநாதனின் தொண்டையில் இனிமை போதுமான அளவு இருந்தது. பெட்டி அதற்குச் சர்க்கரை போட வேண்டியதில்லை.