வழி தவறியதில் 10 நிமிடம், வாய் திறக்காததில் 100 நிமிடம்

வத்தல்மலை உச்சியை எங்கள் அணி தொட்டபோது எதிரணி 22 நிமிடம் பின்னால் இருந்தது. மாலையில் தருமபுரி திரும்பி சைக்கிளை விட்டு இறங்கியபோது அவர்கள் டீ குடித்து முடித்து, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார்கள். நாங்கள் 1 மணி 48 நிமிடம் பின்தங்கியிருந்தோம். முன்னிலையையும் சேர்த்தால் நடுவில் 130 நிமிடம் போயிருக்கிறது. அது எங்கே போனது என்று மூன்று நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கிடைத்த விடை எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

இது பரிசு, பதாகை வைத்து நடந்த போட்டி அல்ல. நான்கு நான்கு பேராக இரண்டு அணிகள் சேர்ந்து நாங்களே வைத்துக்கொண்ட சாகசப் பந்தயம். நகரிலிருந்து அடிவாரம் வரை சைக்கிள், பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றம், மேலே ஊர் ஊராக 14 கிலோமீட்டர் நடை, அதற்குள் ஆறு செக்பாயின்ட், கடைசியில் வந்த வழியே இறக்கம். செல்போன் அணைத்துப் பைக்குள் இருக்க வேண்டும். கையில் மேப்பும் திசைகாட்டியும் மட்டும். அணி எப்போதும் சேர்ந்தே போக வேண்டும், நான்காவது ஆள் கோட்டைத் தொடும்போதுதான் கடிகாரம் நிற்கும்.

எங்கள் அணியில் நான், வங்கியில் வேலை பார்க்கும் நண்பர், ஓர் உடற்கல்வி ஆசிரியை, காவலர் தேர்வுக்குத் தயாராகும் ஒரு தம்பி. தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடித்தால் போதும். தம்பி அதற்கு வெகு முன்பே முடித்துவிட்டு அடுத்தவர்களுக்குக் கைதட்டிக்கொண்டு நிற்பான். மலை ஏற்றத்தில் பழைய சைக்கிள் டியூபைக் கயிறாக்கித் தன் சீட்டுக்கடியிலும் ஆசிரியையின் ஹேண்டில்பாரிலும் கட்டி, வளைவுக்கு வளைவு அவரையும் இழுத்துக்கொண்டு ஏறினான். உச்சியில் கிடைத்த 22 நிமிடம் அவன் தொடையில் சம்பாதித்தது.

அதைத் தொலைத்தது நான்.

மூன்றாவது செக்பாயின்ட் தாண்டி, ஒரு தண்ணீர்த் தொட்டியருகே பாதை இரண்டாகப் பிரிந்தது. மேப் இந்திய சர்வே துறையுடையது, 1:50,000 அளவு. அதில் ஒரு கிலோமீட்டர் என்பது 2 சென்டிமீட்டர். அந்தப் பிரிவு மேப்பில் ஓர் அரிசி அளவுகூட இல்லை. நாங்கள் போக வேண்டியது மேற்கே, உயரம் மாறாமல் மலையின் இடுப்பைச் சுற்றிப் போகும் பாதை. நான் பிடித்ததோ தெற்கே இறங்கும் பாதை. இறக்கம் காலுக்குச் சுகமாக இருந்ததால் வேகமாகவே போனோம். இருபுறமும் சில்வர் ஓக் நிழலில் காபிச் செடிகள். பத்து மணி வெயில் இடது கன்னத்தில் அடித்தது.

மேற்கே நடந்திருந்தால் அந்த நேரத்து வெயில் முதுகில் அடித்திருக்க வேண்டும்.

இதைக் கவனித்தவன் தம்பி. பந்தயம் முடிந்த இரவுதான் சொன்னான். “அண்ணா, அந்தத் தொட்டிகிட்ட திரும்பின அஞ்சாவது நிமிஷமே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு. வெயில் தப்பா அடிக்குதேன்னு.”

“அப்பவே சொல்றதுக்கென்ன தம்பி?”

“மேப் உங்க கையில இருந்துச்சு. நீங்க பெரியவங்க. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுதுன்னு விட்டுட்டேன்.”

இந்தப் பதிலில் எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. நாம் பிள்ளைகளை வளர்க்கும் முறையே இதுதானே. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வீட்டிலும் வகுப்பிலும் மைதானத்திலும் சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு, காட்டுப்பாதையில் மட்டும் அவன் திடீரென்று வாய் திறப்பான் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

கணக்கைப் பார்ப்போம். தப்பான பாதையில் போனதில் 35 நிமிடம். தப்பு தெரிந்ததும் வந்த வழியே திரும்பியிருந்தால் அதோடு நின்றிருக்கும். நான் திரும்பவில்லை. மேலேறிப் போவதற்குப் பதில் குறுக்கே புகுந்தால் சரியான பாதையைப் பிடித்துவிடலாம் என்றேன். உண்ணிச்செடிப் புதர் ஆளுயரம் நின்றது. முள்ளில் மாட்டிக்கொண்டு அங்கே 50 நிமிடம். இந்த இரண்டாவது தவறுதான் பந்தயங்களில் அணிகளைச் சாய்ப்பது. முதல் தவறு கண்ணால் வருகிறது. இரண்டாவது தவறு, முதல் தவறை ஒப்புக்கொள்ள மனம் வராமல் வருகிறது. வங்கி நண்பருக்கு அந்தப் புதரைப் பார்த்ததுமே வேண்டாம் என்று தோன்றியிருக்கிறது. அவரும் சொல்லவில்லை.

ஆசிரியைக்கு இரண்டாவது செக்பாயின்ட்டிலேயே குதிகால் எரிந்திருக்கிறது. ஷூவைக் கழற்றி, பிளாஸ்திரி ஒட்டி, சாக்ஸ் மாற்ற 5 நிமிடம் போதும். “நான் பொம்பள, என்னால நின்னுச்சுன்னு பேச்சு வரக்கூடாதுன்னு நெனச்சேன் சார்” என்றார். கொப்புளம் உடைந்து, கடைசி நான்கு கிலோமீட்டரை அவர் பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து வைத்து நடந்தார். அதில் 30 நிமிடம். மீதி 15 நிமிடம் உச்சியில் சைக்கிளை விட்டு நடைக்கு மாறும் இடத்தில் போனது. பஞ்சர் சாமான் எந்தப் பையில், வெல்லமும் வேர்க்கடலையும் எந்தப் பையில் என்று யாருக்கும் தெரியவில்லை. அது சோம்பேறித்தனம், வேறு பெயர் கிடையாது.

ஆக மொத்தம் 130. தம்பி ஐந்தாவது நிமிடம் சொல்லியிருந்தால் போக 5, வர 5 என்று பாதைத் தவறு 10 நிமிடத்தில் தீர்ந்திருக்கும், புதரே வந்திருக்காது. அங்கே மிச்சம் 75. கொப்புளத்தில் மிச்சம் 25. எதிரணியில் யாருக்கும் எங்கள் தம்பியின் கால் இல்லை. அவர்கள் ஒவ்வொரு பிரிவிலும் நின்றார்கள், சத்தமாகச் சண்டை போட்டார்கள், பிறகு நடந்தார்கள். ஊர்க்காரர்கள் சிரித்தார்களாம். ஆனால் ஒரு தடவைகூட வழி தவறவில்லை.

2019 செப்டம்பரில் பிஜித் தீவுகளில் நடந்த ஈகோ-சேலஞ்ச் பந்தயத்தை இந்தக் கணக்கோடு திரும்பப் பார்த்தேன். 30 நாடுகளின் 66 அணிகள், 671 கிலோமீட்டர். இந்தியாவிலிருந்து போன குக்ரி வாரியர்ஸ் அணியில், 2013-ல் ஒன்றாக எவரெஸ்ட் ஏறிய இரட்டைச் சகோதரிகள் டாஷி, நுங்ஷி மாலிக் இருந்தார்கள். வென்றது நியூசிலாந்து அணி. அதன் தலைவர் நாதன் ஃபாவே. மேப் இருந்ததோ, மேப் பார்த்து வழி கண்டு ஓடும் ஓரியண்டியரிங்கில் தேர்ந்த கிறிஸ் ஃபோர்ன் கையில். தலைமை ஒருவரிடம், வழி இன்னொருவரிடம். எங்கள் அணியில் மூத்தவன் நான், தலைவன் நான், மேப்பும் என்னிடம். என்னைத் தடுக்க யாருக்கு இடம் வைத்தேன்?

இதே பந்தயம் 2000-ல் மலேசியாவின் சபாவில் நடந்தபோது வேறொன்று நேர்ந்தது. 26 நாடுகளைச் சேர்ந்த 304 பேர் கலந்துகொண்டு ஊர் திரும்பிய பிறகு, அவரவர் ஊரில் அவரவருக்குக் காய்ச்சல். தனித்தனியாகப் பார்த்தால் அலுப்பில் வந்த காய்ச்சல்தான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினர் 189 பேரைத் தேடிப் பிடித்துப் பேசியபோது 80 பேருக்கு எலிக்காய்ச்சல் அறிகுறிகள் இருந்தது தெரிந்தது. செகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்கே ஆபத்து கூடுதல் என்பதும் அப்படித்தான் வெளிப்பட்டது. என் காய்ச்சலை நான் சொல்ல, உன் காய்ச்சலை நீ சொல்ல, ஆறு தன்னைக் காட்டிக்கொடுத்தது.

நம் தருமபுரி மாவட்டத்தில் முறையாக ஒரு சாகசப் பந்தயம் நடக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மலை, ஆறு, சாலை மூன்றும் பக்கம் பக்கமாக உள்ள ஊர் இது. மைதானத்தில் விடிகாலையில் தனித்தனியாக ஓடும் பிள்ளைகளுக்குச் சேர்ந்து ஓடப் பழக ஓர் இடம் வேண்டும். ஆனால் பென்னாகரம் பக்கத்துக் காடு யானை நடமாடும் காடு, வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே காலை வைக்கவே கூடாது, இரவில் நினைக்கவும் கூடாது. ஒகேனக்கல் பகுதிக்கு, காவிரியில் வரும் தண்ணீரை அளக்கும் பிலிகுண்டுலுவின் நீர்வரத்துதான் நடுவர். கன அடி ஏறினால் பரிசலுக்குத் தடை, பந்தயமும் அன்றைக்கு இல்லை.

அந்தப் பரிசலை வைத்தே அணிக்குப் பாடம் எடுக்கலாம். முன்னும் பின்னும் இல்லாத வட்டம் அது, ஒற்றைத் துடுப்பு. ஒருவர் சாய்ந்தால் எல்லோருக்கும் ஆட்டம். சமீபத்தில் போனபோது பார்த்தேன். பரிசலில் ஏறிய குடும்பத்தில் ஐந்து வயதுக் குழந்தை ஒன்று காலடியைக் காட்டி, “தண்ணி” என்றது. அப்பா, “சும்மா இரு” என்றார். பரிசல்காரர் துடுப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். தெறித்த தண்ணீர்தான். துணியால் ஒற்றிவிட்டு, “பாத்துச் சொல்லு பாப்பா, இன்னும் வந்தா சொல்லு” என்று சொல்லிவிட்டுத்தான் துடுப்பைத் தண்ணீரில் போட்டார்.

மூன்று வாரம் கழித்து அதே நால்வரும் அதே மலைக்கு மறுபடி போனோம். மேப் இந்த முறை ஆசிரியையிடம். கால் மணிக்கு ஒரு தடவை நின்று ஒவ்வொருவரும் தன் கால், தன் தண்ணீர், தன் சந்தேகம் மூன்றையும் சொல்ல வேண்டும், இளையவர் முதலில். தொட்டி வருவதற்கு முன்பே ஒரு பிரிவில் தம்பி, “அண்ணா, நில்லுங்க, இது இல்ல” என்றான். நின்றோம். மேப்பை விரித்து, திசைகாட்டி வைத்து, வெயில் பார்த்தோம். அவன் சொன்னதுதான் தப்பு. 4 நிமிடம் போனது. அவன் முகம் சுருங்கியது. ஆசிரியை ஒன்றும் சொல்லாமல் மேப்பை அவன் கையில் ஒரு நிமிடம் கொடுத்து வாங்கினார். நடந்தோம்.

தொட்டி வந்தது. பாதை பிரிந்தது. பின்னாலிருந்து மறுபடியும் அவன் குரல், “அண்ணா, நில்லுங்க.”