மின்னஞ்சல்வழிப் பாத்திரமேற்பு விளையாட்டில் மென்பொருள் நடுவர்: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மின்னஞ்சல்வழிப் பாத்திரமேற்பு விளையாட்டுகளுக்கான மென்பொருள் கருவிகள் பெரும்பாலும் நடத்துநரின் உழைப்பைக் குறைப்பனவாகவே மதிப்பிடப்படுகின்றன. அவற்றின் முதன்மைப் பணி நம்பகத்தை நிலைநாட்டுவதே என்பதையும், விதிகள் முடியுமிடத்தில் அப்பணியும் முடிகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: மின்னஞ்சல், பாத்திரமேற்பு, பகடை வழங்கி, நடுவர், நம்பகம்.

முன்னுரை

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கி 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, ஒரே மேசையைச் சுற்றி அமர்வோருக்கானது. ஆட்டக்காரர் உருட்டும் பகடையைப் பிறர் காண்பர். ஐயம் எழுந்தால் நடத்துநர் அங்கேயே தீர்ப்பார். மின்னஞ்சலில் இவ்விரு வசதிகளும் இல்லை. இக்குறையை ஈடுசெய்யவே கருவிகள் தோன்றின.

விதிகளால் வரையறுக்கப்பட்ட களம்

1959இல் ஆலன் கால்ஹாமர் வெளியிட்ட ‘டிப்ளமசி’ குறுகிய பொருளில் பாத்திரமேற்பு விளையாட்டு அன்று. எனினும் ஒப்பீட்டிற்கு ஏற்றது. ஏழு வல்லரசுகளின் ஆணைகளும் எழுத்தில் பெறப்பட்டு ஒரே நேரத்தில் நிறைவேற்றப்படுகின்றன, பகடைக்கு இடமில்லை. ஆகவே 1963இல் ஜான் போர்ட்மன் இதனை அஞ்சல்வழி நடத்தத் தொடங்கியபோது அதன் அமைப்பு சிதையவில்லை. 1980களின் இறுதியில் கென் லோ உருவாக்கிய ‘ஜட்ஜ்’ என்னும் நிரல், மின்னஞ்சலில் வரும் ஆணைகளைப் படித்து, முடிவுகளைக் கணித்து அனைவருக்கும் அனுப்பியது. ஆட்டக்காரர்களிடையே செய்திகளையும் கடத்தியது. ஆணைகளின் வடிவமும் அவற்றின் விளைவும் விதிகளுக்குள் அடங்கியமையால் நிரல் இங்கு முழுமையான நடுவராக இயங்க முடிந்தது.

பகடையும் சாட்சியும்

பாத்திரமேற்பு விளையாட்டில் தற்செயலுக்கும் இடமுண்டு. பகடை வழங்கி எண்ணை உருவாக்கி, அதனை ஆட்டக்காரருக்கும் நடத்துநருக்கும் ஒருங்கே அனுப்புகிறது. வீட்டிலும் பகடை உருட்டலாம் என்பதால் எண்ணைத் தருவது அதன் சிறப்பன்று. அந்த எண்ணுக்குச் சாட்சியாக நிற்பதே சிறப்பு. ஆனால் அச்சாட்சி முழுமையானதன்று. எச்செயலுக்காக உருட்டப்பட்டது என்பது முன்னரே பதிவாகாவிடில், பல முறை உருட்டி ஏற்றதைத் தேர்ந்தெடுக்க வழியுண்டு. எண் மெய்யாயினும் அதன் பொருள் ஐயத்திற்குரியதாகிறது. எனவே நோக்கத்தையும் உடன் பதிவு செய்யும் கருவியே நம்பகமானது.

தீர்ப்பின் எல்லை

‘விளக்கை அணைத்துவிட்டுக் காவலனிடம் பொய் சொல்கிறேன்’ என்னும் செயலுக்கு வரையறுத்த ஆணைவடிவம் இல்லை. காவலனின் இயல்பு, முன்நிகழ்வுகள், கதையின் போக்கு ஆகியவற்றை எடைபோட்டே நடத்துநர் விடையளிக்கிறார். இவ்வகைச் செயலைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் ஆணையாகக் கருவி சுருக்கினால், ஆட்டம் விரைவுபெறும், பாத்திரமோ காய்நகர்த்தலாகிவிடும். காலமும் இதனுடன் தொடர்புடையது. மேசையில் சில நிமிடங்களில் முடியும் சண்டை, ஒவ்வொரு சுற்றுக்கும் அனைவரின் மடலையும் எதிர்நோக்குவதால் வாரக்கணக்கில் நீளக்கூடும். கெடுவை நினைவூட்டும் கருவி தாமதத்தைக் குறைக்கலாம். எந்தச் சுற்றுகளை ஒரே பத்தியில் அடக்கலாம் என்பது நடத்துநரின் எழுத்துத்திறனைச் சார்ந்தது.

முடிவுரை

மின்னஞ்சல்வழி விளையாட்டுக் கருவியை அது மிச்சப்படுத்தும் நேரத்தால் மட்டும் அளத்தல் போதாது. எதற்குச் சாட்சியாகிறது, எதனை மனிதத் தீர்ப்புக்கு விடுகிறது என்னும் இரு வினாக்களே அதன் தரத்தைக் காட்டும். ‘ஜட்ஜ்’ முதல் வினாவுக்குச் சிறந்த விடை. பாத்திரமேற்பு விளையாட்டுக்கு இரண்டாவது வினாவே உயிர்நாடி. அதனை மறந்த கருவி, ஆட்டத்தை ஒழுங்குபடுத்தும்போதே அதிலுள்ள கதையை இழக்கச் செய்கிறது.